வாசகர் கேள்வி – பதில்: வீட்டு நோயாளிக்கு எந்தக் கட்டில்?

முதியோர் பராமரிப்பு பற்றி இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டிலைப் பற்றியே கேட்டிருந்தன. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் வந்தவற்றில் ஐந்து கடிதங்களுக்கு, அரசாங்க மருத்துவமனையிலும் பின்னர் வீட்டுச் சேவையிலும் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மாமியாருக்கு 78 வயது. எல்பில் தோட்டத்தில் பல்லாண்டுகள் பால் மரம் வெட்டியவர் (ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்). சென்ற மாதம் பக்கவாதம் கண்டு, இடக்கையும் இடக்காலும் பலம் குறைந்த நிலையில் ஈப்போ பெரிய மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியிருக்கிறார். பிடித்து உட்கார வைத்தால் உட்காருகிறார். இருவர் தாங்கினால் சற்று நேரம் நிற்கிறார். எங்களுடையது குறைந்த விலைத் தரைவீடு. அவருடைய அறை பத்தடிக்குப் பத்தடி. கணவர் ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டால் நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்ள வேண்டும்; எனக்கு ஏற்கெனவே முதுகுவலி. அண்டை வீட்டார், காலமான தம் தந்தைக்கு வாங்கிய, கையால் சுற்றும் இரண்டு கைப்பிடிக் கட்டிலைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொல்கிறார்கள். கடைக்காரரோ ஐந்து செயல்பாடுகள் கொண்ட மின்கட்டில்தான் பக்கவாதத்துக்கு ஏற்றது என்கிறார். கணவர் தவணையில் வாங்கிவிடலாம் என்கிறார். மாமியார் தரையில் பாய் விரித்தால் போதும் என்று பிடிவாதமாக இருக்கிறார். நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரிக்கு வணக்கம். அறையின் அளவை எழுதியிருக்கிறீர்கள். விலையைப் பற்றியும் கட்டிலின் செயல்பாடுகளைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுக்கத் தேவையான ஓர் அளவு மட்டும் கடிதத்தில் இல்லை. மாமியாரை நாற்காலியில் நேராக உட்கார வைத்து, செருப்பில்லாத பாதம் தரையில் பதிந்திருக்கும்போது, முழங்காலின் பின்மடிப்பிலிருந்து தரை வரை எத்தனை சென்டிமீட்டர் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஐந்தடிக்கும் குறைவான நம் பாட்டிமார்களுக்கு அது பெரும்பாலும் 40 செ.மீ.க்குள் அடங்கிவிடும். அவர் கட்டில் ஓரத்தில் உட்காரும்போது மெத்தையின் மேற்பரப்பு அந்த உயரத்திலோ, அதைவிட ஓரிரு விரற்கடை கூடுதலாகவோ இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டு பாதங்களும் தரையில் முழுமையாகப் பதியும். பாதம் பதிந்தால்தான் பலம் குன்றிய பக்கமாக உடல் சாயாமல் இருக்கும், எழுந்து நிற்கப் பழகுவதும் சாத்தியமாகும்.

இப்போது அண்டை வீட்டாரின் கட்டிலைப் பாருங்கள். இரண்டு கைப்பிடிகளில் ஒன்று முதுகுப் பகுதியை உயர்த்தும், மற்றொன்று முழங்கால் பகுதியை உயர்த்தும். கட்டில் முழுவதையும் ஏற்றி இறக்கும் மூன்றாவது கைப்பிடி அதில் கிடையாது. இவ்வகைக் கட்டில்களின் சட்டம் பெரும்பாலும் தரையிலிருந்து ஏறத்தாழ 50 செ.மீ. உயரத்தில் நிலையாக நிற்பதாகும். அதன்மேல் 10 அல்லது 12 செ.மீ. மெத்தையைப் போட்டால் மேற்பரப்பு 60 செ.மீ.யைத் தாண்டிவிடும். மாமியாரின் கால் அந்தரத்தில் தொங்கும். ஓரத்தில் உட்காரவே அவர் அஞ்சுவார். அந்த அச்சமே அவரை நாளடைவில் படுக்கையில் கிடத்திவிடும். அதே 60 செ.மீ. உங்களுக்கோ குறைவான உயரம். உடம்பு துடைக்கவும், டயாப்பர் மாற்றவும், புரட்டவும் மெத்தை உங்கள் இடுப்பளவுக்கு உயர்ந்து வர வேண்டும். இல்லையென்றால் ஒரு நாளில் பலமுறை குனிந்தே வேலை செய்ய நேரும். முதுகுவலியுள்ளவருக்கு இது சிறிய விஷயமன்று. கட்டிலைப் பயன்படுத்துபவர் இருவர், படுத்திருப்பவர் ஒருவர், பணிவிடை செய்பவர் ஒருவர். இருவருக்கும் வேண்டிய உயரம் வேறு வேறு என்பதால், உயரம் மாறாத கட்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உங்கள் வீட்டுக்கு ஆகாது என்பதே என் கருத்து.

கடைக்காரர் சொல்லும் ஐந்து செயல்பாடுகள் எவை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதுகை உயர்த்துவது, முழங்காலை உயர்த்துவது, கட்டிலை ஏற்றி இறக்குவது ஆகிய மூன்றுடன், கட்டிலைத் தலைப்பக்கம் தாழச் சாய்ப்பதும், கால்பக்கம் தாழச் சாய்ப்பதும் சேர்ந்தால் ஐந்து. கடைசி இரண்டும் மருத்துவமனை வார்டுகளுக்காக அமைந்தவை. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்குவதில் சிரமமுள்ள ஒருவரைத் தலை தாழ்த்திக் கிடத்தினால் உணவும் எச்சிலும் மூச்சுக்குழாய்க்குள் போகும் ஆபத்து உண்டு. ஆகவே உங்களுக்குத் தேவை மூன்று செயல்பாடுகள்தான். மீதி இரண்டுக்கும் கொடுக்கும் பணத்தை நல்ல மெத்தைக்குச் செலவிடுங்கள்.

அந்த மூன்றும் கையால் சுற்றும் கட்டில்களிலும் கிடைக்கும், மின்கட்டில்களிலும் கிடைக்கும். உங்களுக்கு நான் மின்கட்டிலையே பரிந்துரைக்கிறேன். கையால் சுற்றும் கட்டிலின் கைப்பிடிகள் கால்மாட்டில் கீழே இருக்கும். ஒவ்வொரு முறையும் நீங்கள் குனிந்துதான் சுற்ற வேண்டும். முதல் வாரத்தில் எல்லாரும் ஒழுங்காகச் சுற்றுவார்கள். பிறகு அலுப்பினால் ஓர் உயரத்திலேயே விட்டுவிடுவார்கள். நான் வீடு வீடாகச் சென்ற காலத்தில், சுற்றாமலேயே துருப்பிடித்துப்போன கைப்பிடிகளைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மின்கட்டிலில் ரிமோட்டை மாமியாரின் வலக்கைக்கு எட்டும்படி வைத்துவிட்டால், தலையை உயர்த்திக்கொள்ள அவர் உங்களைக் கூப்பிட வேண்டியதில்லை. தன் உடம்பு மீது தனக்குச் சிறிதளவாவது அதிகாரம் இருக்கிறது என்ற உணர்வு அந்த வயதில் பெரிய மருந்து. அடைமழைக் காலத்தில் மின்சாரம் தடைபடும் பகுதியில் நீங்கள் இருப்பதால், பேட்டரி உள்ளதா, அல்லது மின்சாரம் இல்லாதபோது கையால் இறக்க வழி உண்டா என்று வாங்கும் முன் செய்து காட்டச் சொல்லுங்கள். உயரத்தைப் பற்றிக் கேட்கும்போது, விளம்பரத் தாளில் போட்டிருப்பது பெரும்பாலும் மெத்தையில்லாத சட்டத்தின் உயரம் என்பதை நினைவில் கொள்ளுங்கள்; மெத்தையின் கனத்தையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். 40 செ.மீ.க்குக் கீழே இறங்காத சட்டத்தின்மேல் 15 செ.மீ. மெத்தையைப் போட்டால் மீண்டும் பழைய கதைதான்.

தவணையில் வாங்குவதற்கு முன் ஒரு யோசனை. பக்கவாதத்துக்குப் பிறகான முதல் மூன்று மாதங்களில்தான் உடல் மீண்டுவரும் வேகம் அதிகம். அந்தக் காலம் முடியும்போது மாமியார் கைத்தடியுடன் நடப்பவராக இருக்கலாம். அப்போது அவருக்குச் சாதாரணக் கட்டிலும் ஓரத்தில் பிடித்து எழ ஒரு கைப்பிடியும் போதும். நிலைமை இதற்கு மாறாகவும் இருக்கலாம். எனவே மூன்று மாதத்துக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ஈப்போவில் மருத்துவக் கருவிகள் விற்கும் கடைகள் சில வாடகைக்கும் தருகின்றன. அதன் பிறகு பிசியோதெரபிஸ்டிடம் கேட்டு முடிவெடுங்கள்.

கட்டில் வந்த பிறகு பெரும்பாலோர் கவனிக்காத ஒன்றைச் சொல்கிறேன். மெத்தை இரண்டு மீட்டர் நீளம். மாமியார் ஒன்றரை மீட்டருக்கும் குறைவாக இருப்பார். அவருடைய தலையைக் கட்டிலின் தலைமாட்டை ஒட்டி வைத்துப் படுக்க வைத்தால், முதுகுப் பகுதி உயரும்போது கட்டில் மடிவது ஓரிடமாகவும் அவர் இடுப்பு இருப்பது வேறோர் இடமாகவும் ஆகிவிடும். அவர் கூனிக்கொண்டு கீழே சறுக்குவார். நீங்கள் திரும்பத் திரும்ப மேலே இழுத்துக்கொண்டிருப்பீர்கள். தலையணை எங்கே வந்தாலும் வரட்டும். இடுப்பு, கட்டில் மடியும் இடத்தில் இருக்க வேண்டும். உயர்த்தும்போது முழங்கால் பகுதியை முதலில் சிறிது உயர்த்திவிட்டு, பிறகு முதுகை உயர்த்துங்கள். இறக்கும்போது முதுகை முதலில் இறக்குங்கள்.

பத்தடி அறை போதும். கட்டில் வெளிச்சட்டத்தோடு ஏறத்தாழ 2.2 மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் இருக்கும். அலமாரியை வெளியே எடுத்துவிட்டால், சக்கர நாற்காலியையும் கமோட் நாற்காலியையும் பக்கத்தில் நிறுத்தித் திருப்பலாம். பூட்டிய கட்டில் உங்கள் வாசலில் நுழையாது. பகுதி பகுதியாகக் கொண்டுவந்து அறைக்குள் பொருத்தித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

பாய் விஷயத்தில் மாமியாரைக் கடிந்துகொள்ள வேண்டாம். தோட்டத்து லயத்து வீட்டில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) சிமெண்டுத் தரையில் பாய் விரித்துப் படுத்தே வாழ்ந்தவர்களுக்கு மருத்துவமனைக் கட்டில் என்றாலே வார்டு நினைவுக்கு வரும். திரும்ப எழமாட்டோமோ என்ற எண்ணமும் வரும். ஆனால் தரையிலிருந்து எழுவதற்கு இரண்டு முழங்கால்களும் இரண்டு கைகளும் வேண்டும். அவருக்கு இப்போது அவற்றில் பாதிதான் உண்டு, உங்களுக்கும் தூக்கும் முதுகு இல்லை. “இந்தக் கட்டில் நீங்கள் எழுந்து நடப்பதற்காக” என்று சொல்லி, தினமும் மூன்று வேளை ஓரத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு கொடுங்கள். சொல்வதைவிட அது அவருக்கு நன்றாகப் புரியும்.

கேள்வி: அப்பாவுக்கு வலப்பக்கம் வாதம். வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று அம்மா உறுதியாக இருக்கிறார். கட்டிலைச் சுவரோரம் எப்படிப் போடுவது?
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அம்மாவின் சொல்லை மீற வேண்டிய அவசியமே இல்லை; மருத்துவத்துக்குத் திசை முக்கியமில்லை, பக்கம்தான் முக்கியம். பலமுள்ள பக்கமாக எழுந்து நாற்காலிக்கு மாறுவதே எளிது. அப்பாவுக்கு இடப்பக்கம் பலமுள்ளது. ஆகவே இடப்புறம் திறந்தும் வலப்புறம் சுவரை நோக்கியும் இருக்க வேண்டும். கிழக்கே தலைவைத்து மல்லாந்து படுத்தால் இடப்புறம் தெற்காக அமையும். தெற்கே தலைவைத்தால் மேற்காக அமையும். இரண்டில் உங்கள் அறைக் கதவுக்கு வசதியானதைத் தேர்ந்தெடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் இடையே ஓர் ஆள் சிக்கும் அளவுக்கு இடைவெளி விடாதீர்கள்: ஒன்று நன்றாக ஒட்டிப் போட்டுச் சக்கரங்களைப் பூட்டுங்கள், அல்லது நீங்கள் நின்று வேலை செய்யும் அளவுக்கு முழுதாக விலக்கிப் போடுங்கள்.

கேள்வி: என் தந்தை முழுமையாகப் படுத்த படுக்கையாகிவிட்டார். மூக்கு வழிக் குழாயில்தான் உணவு. இடுப்புக்குக் கீழே, முதுகுத்தண்டின் அடியில் தோல் கருத்துக் காணப்படுகிறது. காற்று மெத்தை வாங்கிப் போட்டால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டோம். உண்மையா? எந்த வகை வாங்கலாம்?
— வாசகி, சுங்கை சிப்புட் அருகிலுள்ள தோட்டம்

பதில்: மெத்தைக்கு முன்னால் அந்தக் கருத்த இடத்தைப் பற்றிப் பேசுவோம். படுக்கைப் புண்ணின் தொடக்கம் சிவப்பாக இருக்கும் என்று துண்டறிக்கைகளில் எழுதியிருப்பார்கள். நம்மவரின் கருநிறத் தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ, ஊதா கலந்தோ இருக்கிறதா, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ அல்லது கொழகொழவென்றோ இருக்கிறதா, தொடும்போது முகம் சுளிக்கிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் அதைப் புண்ணின் முதல் கட்டமாகவே கருதி, அந்த இடத்தின் மேல் எடை விழாமல் பார்த்துக்கொண்டு, இந்த வாரமே கிளினிக்கில் காட்டுங்கள். அந்த இடத்தை எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ஏற்கெனவே நலிந்திருக்கும் திசு மேலும் நலியும். நடுவில் ஓட்டையுள்ள வளையத் திண்டும் வேண்டாம். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலில் இரத்த ஓட்டத்தை அது தடுக்கும்.

காற்று மெத்தை புரட்டும் வேலையைக் குறைக்குமே தவிர, இல்லாமல் ஆக்காது. அதன் அறைகள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி உப்பியும் தளர்ந்தும், உடலின் ஒரே இடத்தில் அழுத்தம் நிலைத்து நிற்காமல் செய்கின்றன. ஆனால் ஒரே பக்கமாகக் கிடப்பதனால் நுரையீரலில் சளி தேங்குவதையும் மூட்டுகள் இறுகுவதையும் அதனால் தடுக்க முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்பது பொதுவான தொடக்க அளவு. தோலின் நிலையைப் பார்த்துத் தாதி அதைக் கூட்டியோ குறைத்தோ சொல்வார். புரட்டும்போது முழுமையாக ஒருக்களிக்கச் செய்ய வேண்டாம். தொடையெலும்பின் மேல்முனை நேராகக் கீழே அழுந்தும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 பாகை அளவுக்குச் சாய்த்தால் போதும். குதிகால்களுக்கு எந்த மெத்தையும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. கெண்டைக்காலின் கீழ் தலையணை வைத்து, குதிகால் எதையும் தொடாமல் இருக்கும்படி விடுங்கள்.

வகைகளில், சிறு குமிழ்கள் கொண்ட மெல்லிய விரிப்பு மலிவானது. மெலிந்தவருக்கு, புண் வருமுன் தடுக்க அது உதவும். உங்கள் தந்தைக்குத் தோல் ஏற்கெனவே மாறியிருப்பதால், நீண்ட குழாய்கள் வரிசையாக அமைந்த, தனித்தனியாகக் கழற்றி மாற்றக்கூடிய வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு குழாய் கிழிந்தால் அதை மட்டும் மாற்றலாம். அவர் படுத்திருக்கும்போது இடுப்புக்கு நேர் கீழே மெத்தைக்கு அடியில் உள்ளங்கையை நுழைத்துப் பாருங்கள். அவருடைய உடலுக்கும் உங்கள் கைக்கும் இடையே ஓர் அங்குலமாவது காற்று இருக்க வேண்டும். எலும்பு கையில் தட்டுப்பட்டால் பம்ப்பின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அல்லது அந்த மெத்தை அவர் எடைக்குப் போதாது. மேலே விரிப்பதிலும் கவனம் வேண்டும். ரப்பர் விரிப்பு, பிளாஸ்டிக், மடித்த போர்வை என்று அடுக்கினால் காற்று மெத்தைக்கு வேலையே இல்லாமல் போகும். நம் வெயிலில் வியர்வையும் சேர்ந்து தோல் ஊறிவிடும். பழைய பருத்திக் கைலி ஒன்றைத் தளர்வாக விரித்தால் போதும். இருவர் அதன் இரு ஓரங்களைப் பிடித்து அவரை மேலே நகர்த்தவும் அதே கைலி பயன்படும். அக்குளில் கை கொடுத்து இழுப்பதைவிட அது தோலுக்கும் தோள்மூட்டுக்கும் நல்லது.

குழாய் வழி உணவு என்பதால் உங்கள் கட்டில் தேர்வில் முதுகுப் பகுதியின் கோணம் முக்கியமாகிறது. உணவு கொடுக்கும்போதும் அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரமும், முடிந்தால் ஒரு மணி நேரமும், தலைப்பக்கம் 30 முதல் 45 பாகை உயர்ந்திருக்க வேண்டும். ஆனால் நாள் முழுவதும் அப்படியே விட்டுவிட்டால் உடல் கீழே சறுக்கி, முதுகுத்தண்டின் அடித்தோல் இழுபட்டுப் புண் ஆழமாகும். சாப்பாட்டு நேரத்துக்கு உயர்த்தி, பிறகு தாழ்த்திவிடுங்கள். எத்தனை பாகை என்று கண் மதிப்பில் சொல்வது கடினம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பாகைமானியை ஒருமுறை வைத்துப் பார்த்து, அந்த இடத்தில் கட்டில் ஓரத்தில் ஓர் ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள்.

பம்ப் இடைவிடாமல் ஓட வேண்டியது. கட்டில், பம்ப், மின்விசிறி மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகாதீர்கள். மின்சாரம் தடைபட்டால் மெத்தை மெல்ல மெல்லத் தளரும். அதுவரை அடிக்கடி புரட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. சுகாதார அமைச்சு 2014 முதல் அரசாங்க கிளினிக்குகள் வழியாக, படுத்த படுக்கையாக உள்ளவர்களை வீட்டுக்கு வந்து பார்க்கும் சேவையை நடத்திவருகிறது. மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே அதற்குப் பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்குங்கள். மிஸி (தாதி) வீட்டுக்கு வந்து, அந்தக் கட்டிலிலேயே புரட்டிக் காட்டிவிட்டுப் போவதற்கு நான் எழுதும் இத்தனை வரிகளும் ஈடாகா.

கேள்வி: அப்பாவுக்கு மறதி நோய். விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்து, பெரட்டுக்கு (தோட்டத்தில் விடியற்காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் கூட்டத்துக்கு) நேரமாகிவிட்டது என்று கட்டிலிலிருந்து இறங்குகிறார். இரண்டு முறை விழுந்துவிட்டார். முழு நீளத் தடுப்புக் கம்பி உள்ள கட்டிலை வாங்கி, இரவில் இரண்டு பக்கமும் ஏற்றிவிடலாம் என்று இருக்கிறோம். அண்ணன் கையைத் துணியால் தளர்வாகக் கட்டிவைக்கலாம் என்கிறார்.
— வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: கையைக் கட்டாதீர்கள். தடுப்புக் கம்பியும் உங்கள் அப்பாவைப் போன்றவருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. நினைவு தெளிவாக இருந்து, புரட்டும்போது பிடித்துக்கொள்ள வேண்டியவருக்குக் கம்பி உதவி. இறங்கியே தீருவேன் என்று எழுபவருக்கு அது ஏறிக் கடக்க வேண்டிய வேலி; கட்டில் உயரத்திலிருந்து விழ வேண்டியவர் கம்பியின் உயரத்தையும் சேர்த்து அங்கிருந்து விழுவார். கம்பிகளுக்கு இடையே தலையோ மார்போ சிக்கிக்கொள்வது அதைவிடக் கொடியது. 1985 முதல் 2009-இன் தொடக்கம் வரையிலான காலத்தில், கட்டில் கம்பிகளில் நோயாளிகள் சிக்கிக்கொண்ட 803 சம்பவங்கள் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்துக்குத் தெரிவிக்கப்பட்டன. அவற்றில் 480 பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் உடல் நலிந்த, முதிய, அல்லது நினைவு குழம்பிய நோயாளிகள். அந்த அமைப்பு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கம்பிகளுக்கு இடையிலும் கம்பிக்கும் மெத்தைக்கும் இடையிலும் உள்ள இடைவெளி 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். கட்டிலோடு வராத மெத்தையை, குறிப்பாக ஓரம் அமுங்கும் காற்று மெத்தையைப் போட்டால் இந்த அளவு மாறிவிடும் என்பதைக் கடைகளில் யாரும் சொல்வதில்லை.

உங்களுக்கு வேண்டியது மிகவும் தாழ்ந்து இறங்கும் கட்டில். சில வகைகளில் சட்டம் தரையிலிருந்து 25 செ.மீ. அளவுக்கு இறங்கும். இரவில் அடிமட்டத்துக்கு இறக்கி, இறங்கும் பக்கத்தில் கனமான நுரைப்பாய் ஒன்றைப் போட்டுவிட்டால், விழுந்தாலும் எலும்பு முறியும் வாய்ப்புக் குறையும். பகலில் அவர் நடமாடும்போது பாயை எடுத்துவிடுங்கள், அதுவே தடுக்கிவிடும்.

நான்கரை மணி விஷயத்தில் எனக்கு வேறொரு யோசனை தோன்றுகிறது. வாழ்நாள் முழுவதும் அந்த நேரத்தில் எழுந்தவரின் உடம்பு அந்த நேரத்தில் எழத்தான் செய்யும். சிறுநீர் கழிக்க வேண்டிய உந்துதலும் அப்போது சேர்ந்திருக்கும். நான்கே கால் மணிக்கு நீங்களே எழுப்பி, கழிப்பறைக்கு அழைத்துப்போய், ஒரு குவளை வெந்நீரோ கோப்பியோ கொடுத்து, “இன்றைக்கு மழை அப்பா, பெரட்டு இல்லை” என்று சொல்லிப் பாருங்கள். மழை நாளில் பால் மரம் வெட்ட முடியாது என்பது அவருக்கு மறந்திருக்காது. பொய் சொல்வதாக மனம் உறுத்தினால், மழையைப் பற்றிய பேச்சை விட்டுவிட்டுக் கோப்பியை மட்டும் கொடுங்கள். இரவு முழுவதும் மங்கலான விளக்கு ஒன்று எரியட்டும்.

கேள்வி: புதுக் கட்டில் வாங்க வசதியில்லை. உதவி எங்கே கிடைக்கும்? பழைய கட்டில் வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?
— வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: இரவல் கிடைக்குமா என்று முதலில் விசாரியுங்கள். லயன்ஸ், ரோட்டரி சங்கங்களும், ஆலயம், தேவாலயம், பௌத்த சங்கம் சார்ந்த அறப்பணிக் குழுக்களும் பல ஊர்களில் கட்டிலையும் சக்கர நாற்காலியையும் திருப்பித் தரும் நிபந்தனையில் கொடுக்கின்றன. தீராத நோயின் இறுதிக் கட்டத்தில் இருப்பவர் என்றால் ஹோஸ்பிஸ் சேவையைக் கேளுங்கள். மருத்துவமனையின் சமூகப்பணி அதிகாரி வழிகாட்டுவார்.

சுங்கை சிப்புட், கோலகங்சார் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆகவே அந்த மாவட்டச் சமூகநல அலுவலகத்தை அணுக வேண்டும். படுத்த படுக்கையாக உள்ள மாற்றுத்திறனாளிகளையும் நாட்பட்ட நோயாளிகளையும் பராமரிப்போருக்கான மாத உதவித்தொகை, 2021-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 350 வெள்ளியிலிருந்து (ரிங்கிட்) 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. குடும்ப வருமான வரம்பு உண்டு. மருத்துவரின் சான்றும் வேண்டும். ஓகேயு அட்டை (மாற்றுத்திறனாளி அட்டை) உள்ளவர்களுக்குத் துணைக்கருவி வாங்கும் உதவி தனியாக இருக்கிறது. அட்டை இல்லையென்றால் அதற்கு முதலில் விண்ணப்பியுங்கள். பிள்ளைகள் ஊழியர் சேமநிதியிலிருந்து பெற்றோரின் மருத்துவக் கருவிகளுக்குப் பணம் எடுக்கும் வாய்ப்பும் உண்டு. நீங்கள் வாங்க நினைக்கும் கட்டிலும் மெத்தையும் அனுமதிப் பட்டியலில் இருக்கின்றனவா என்று முன்பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாங்கிய பிறகு கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

பழைய கட்டிலாக இருந்தால், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். நீங்களே அதில் படுத்து, ஒருவரை இயக்கச் சொல்லி, முதுகும் முழங்காலும் உயரமும் முழுமையாக ஏறி இறங்குகின்றனவா என்று சோதியுங்கள். ஆளில்லாத கட்டில் எப்போதும் நன்றாகத்தான் இயங்கும். நான்கு சக்கரங்களையும் பூட்டிவிட்டு இடுப்பால் தள்ளிப் பாருங்கள். பற்றுவைத்த மூட்டுகளில் துருவும் விரிசலும் உண்டா என்று விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளத்தில் நின்ற கட்டிலாக இருந்தால் கால்களின் உட்புறம் காட்டிக்கொடுத்துவிடும். சட்டத்தில் பாதுகாப்பான சுமை எத்தனை கிலோ என்று எழுதிய தகடு இருக்க வேண்டும்; அந்தச் சுமையில் மெத்தையின் எடையும் அடக்கம். மின்கட்டில் என்றால், மூன்றுமுனைப் பிளக் அசலானதா, வயர் எங்கும் ஒட்டுப்போட்டதாக இல்லையா என்று பாருங்கள். சட்டத்தின் துளைகளில் மூட்டைப்பூச்சி ஒளிந்திருக்கும். வீட்டுக்குள் கொண்டுவருமுன் கொதிநீர் ஊற்றிக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். மின்கட்டிலாக இருந்தால் மோட்டாரில் தண்ணீர் படாமல் துடைத்தால் போதும். கட்டில் எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும், அதோடு சேர்த்துக் கொடுக்கும் பழைய மெத்தையை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள்.